முதல் கட்டத்தை நான் நிரப்பவில்லை

காலை ஐந்தே முக்காலுக்கு நடக்கும் கூட்டத்தில் எங்கள் ஃபோர்மேன் ஒரு நாள் பதினான்கு முறை "சம்ஜா?", அதாவது புரிந்ததா, என்று கேட்டார். பதினான்கு முறையும் நாற்பத்தொரு பேர் "சம்ஜா" என்றார்கள். நான் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று அவர் இந்தியில் சொன்னவற்றில் பாதி எனக்கே புரியவில்லை. நான் பொறியியல் படித்தவன், இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன்.

எண்ணுவது என் பழக்கம். படிக்கட்டுகள், போல்ட்டுகள், பஸ்ஸில் ஏறும் தலைகள், இறங்கும் தலைகள். என் மனைவி இதை வியாதி என்பாள். எண்ணாமல் விட்டதால் நடந்த தவறுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணியதால் நடந்த தவறு ஒன்றை இதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

சவுதியில், ஜுபைலில் இருந்தோம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பெட்ரோகெமிக்கல் ஆலைகளை வருடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, குழாய்களையும் கலன்களையும் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி பூட்டிக் கொடுக்கும் வேலையை எடுத்துச் செய்கிற ஒப்பந்தக் கம்பெனி எங்களுடையது. எனக்கும் மனைவிக்கும் டவுனில் கம்பெனி கொடுத்த ஃப்ளாட். தொழிலாளர்களுக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி கேம்ப், அறைக்கு எட்டுப் பேர். எங்கள் சைட் மேனேஜர் சென்னைக்காரர், என்னைவிடப் பதினாறு வயது இளையவர், கெட்டிக்காரர். அவரை நான் வில்லனாக எழுதப்போவதில்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

அந்த வருட ஷட்டவுனில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபிளாஞ்சுகளைத் திறந்து மூடினோம். இரண்டு குழாய் முனைகளை நேருக்கு நேர் வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்தான் ஃபிளாஞ்ச். பூட்டி முடித்ததும் ஒவ்வொன்றிலும் மஞ்சள் அட்டை ஒன்று கட்டுவோம். அதில் பூட்டியவரின் பெயர், ஊழியர் எண், கையெழுத்து இருக்கும்.

வேலை முடிந்து ஆலையை மறுபடி ஓட்டத் தொடங்கிய வியாழக்கிழமை காலை, இருபத்துநான்கு போல்ட் கொண்ட பெரிய ஃபிளாஞ்ச் ஒன்றிலிருந்து புகை போல ஆவி கசிந்தது. யாருக்கும் காயமில்லை. மணியடித்து, ஆலையை நிறுத்தி, அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பூட்டினோம். சனிக்கிழமை நண்பகல் மறுபடி ஓட்டப்போவதாக ஆலைக்காரர்கள் சொன்னார்கள். அதற்குள் விசாரணை அறிக்கை வேண்டும். விசாரிப்பது என் பொறுப்பு.

அறிக்கைக்கு ஒரு படிவம் உண்டு. அதன் முதல் கட்டம், 'யார் பொறுப்பு?' இரண்டாவது, 'எடுத்த நடவடிக்கை.' என்ன நடந்தது என்பது ஏழாவது கட்டம், இரண்டு வரி இடம். எனக்கு அந்தப் படிவத்தோடு பழைய பகை. அதுவரை அதில் இருபத்திரண்டு அறிக்கைகள் எழுதியிருந்தேன். இருபத்திரண்டிலும் முதல் கட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடந்தன, வேறு வேறு பெயர்களில். வெட்கத்தோடுதான் இதை ஒப்புக்கொள்கிறேன். இருபத்திரண்டையும் நிரப்பியது என் கைதான்.

கசிந்த ஃபிளாஞ்சின் அட்டையில் இருந்த பெயர் சிவகங்கைப் பக்கத்து ஃபிட்டர் ஒருவனுடையது. வயது இருபத்தொன்பது. அடுத்த புதன்கிழமை ஊருக்குப் போக அவனுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. கேம்ப் அறையில் எல்லோரும் அவனை 'டிக்கெட்காரன்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவனுடைய லீவுத் தாள் மேனேஜரின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. லீவில் போகிறவனுக்குத் திரும்பி வரும் விசாவோடு பாஸ்போர்ட் கொடுப்பார்கள். வேலையிலிருந்து அனுப்பப்படுகிறவனுக்கு எக்ஸிட் அடித்துக் கொடுப்பார்கள். விமானம் ஒன்றேதான். ஒருவன் திரும்பி வருவான், மற்றவன் வரமாட்டான்.

மேனேஜர் அவனைத் தம் அறைக்கு வரவழைத்தார். நானும் இருந்தேன்.

"அந்த ஃபிளாஞ்சை யாருய்யா டைட் பண்ணது?"

"நான்தான் சார்."

யோசிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"சார், எழுதிக்கோங்க," என்றார் மேனேஜர் என்னிடம். "முடிஞ்சுது."

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். "தம்பி, வடக்குப் பக்கத்து போல்ட்டுக்கு ரென்ச்சை எப்படிப் போட்டீங்க?"

"நேராத்தான் சார்."

வடக்குப் பக்கத்தில் கைப்பிடி அளவு இடைவெளிகூடக் கிடையாது. ஒரு நீராவிக் குழாய் குறுக்கே போகிறது. ரென்ச்சைச் சாய்த்து, விரல் முட்டி தேயத் தேயத்தான் திருப்ப முடியும். அங்கே ஆறு போல்ட்டுகள். அவற்றைப் பூட்டியவனுடைய முட்டியில் தோல் இருக்காது. நான் அவன் கைகளைப் பார்த்தேன். பத்து விரலிலும் தோல் முழுசாக இருந்தது.

"நாளைக்கு எழுதறேன் சார்," என்றேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, லீவு."

"அதனாலென்ன, எனக்கு வேற வேலை கிடையாது."

வெள்ளிக்கிழமை காலை இட்லித் தட்டை என் முன்னால் வைத்தபடி மனைவி கேட்டாள்: "கேம்புக்கு எதுக்குப் போறீங்க? ரெண்டு மாத்திரையும் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"உங்க காண்ட்ராக்ட் ரெனியூவலுக்கு இன்னும் பத்து மாசம்தான் இருக்கு. அதையும் எண்ணி வெச்சிருக்கீங்களா?"

எண்ணி வைத்திருந்தேன். பத்து மாதம் ஆறு நாள். 

கேம்பில் டிக்கெட்காரனின் அறையில் எட்டுப் பேரில் ஏழு பேர் இருந்தார்கள். ஒருவர் துணி துவைக்கப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் ஒரு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். அந்த அறையிலேயே மூத்த ஃபிட்டர், ஐம்பது வயதிருக்கும், பால் இல்லாத டீ கொண்டுவந்து நீட்டினார். டம்ளரைப் பிடித்திருந்த வலது கையில் மூன்று முட்டிகள் தோலுரிந்து காய்ந்திருந்தன.

 அவர் என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

"டேய் டிக்கெட்டு, வெளிய போய் நில்லுடா," என்றார்.

"நான் எதுக்குண்ணே போகணும்?"

"போடாங்கிறேன்."

அவன் போகவில்லை. கதவோரம் நின்றுகொண்டான். பெரியவர் தரையைப் பார்த்துப் பேசினார்.

"சார், டிக்கெட் கன்ஃபர்ம் ஆனவன நாங்க மேல ஏத்த மாட்டோம். கடைசி ஒரு வாரம் கீழதான் நிப்பான். சாமான் எடுத்துக் கொடுப்பான். இது நம்ம ரூம் வழக்கம். முன்ன ஒரு சைட்டுல ஒருத்தன் ரெண்டு நாள்ல ஊருக்குப் போறவன், சாரத்துலேருந்து விழுந்து கால ஒடிச்சுக்கிட்டான். அதுலேருந்து."

"அப்போ அவன் வேலைய யார் செய்வா?"

"மத்தவங்க பிரிச்சுக்குவோம். அட்டையில அவன் பேரப் போட்டுருவோம். இல்லாட்டி சும்மா நின்னான்னு டூட்டி வெட்டிருவாங்கள்ல."

"லீவுல என்ன விசேஷம்?" என்று கதவோரத்தைப் பார்த்துக் கேட்டேன்.

அவனுக்குப் பதிலாக மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். "அத ஏன் சார் கேக்குறீங்க. ஆறு காது காத்துக்கிட்டு இருக்கு," என்றான் ஒருவன்.

அக்கா பிள்ளைகள் மூன்று பேருக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பது ஒரே மாமன். இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் லீவு கிடைக்காமல் தள்ளிப் போயிருந்தது.

"பெரியவளுக்கு ஏழு வயசு சார்," என்றான் டிக்கெட்காரன். "கூடப் படிக்கிறதுக எல்லாம் தோடு போட்டிருக்குதுக. மாமா எப்ப வருவேன்னு போன்ல அழுகுறா. விசேஷம் முடிஞ்சு நான் திரும்பி வந்தாத்தான் அக்கா வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிக்குக் கட்ட முடியும். எக்ஸிட் அடிச்சா, அங்கிட்டே உக்காந்துர வேண்டியதுதான்."

'யார்' என்ற கேள்விக்கு இப்போது எனக்கு விடை தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஃபிளாஞ்ச் ஏன் கசிந்தது என்று ஒரு வரி எழுத முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. இருபது வருட அனுபவம் உள்ள ஃபிட்டர், நல்ல ரென்ச், அதில் வைத்த இறுக்க எண்ணும் சரி. அப்படியும் கசிந்திருக்கிறது.

எனவே வேறு விதமாகக் கேட்டேன். "அண்ணே, பஸ்ஸ விட்டு இறங்கினதுலேருந்து சொல்லுங்க. ரென்ச்சக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணீங்க?"

அவர் நிமிர்ந்தார். அப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை என்று தோன்றியது. மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். முந்தின ராத்திரி முழுக்க மணல் காற்று. போல்ட்டுகளைச் சாக்கு விரித்து வைத்திருந்தார்கள். இருபத்துநான்கிலும் மணல்.

"அப்புறம்?"

"ஒவ்வொண்ணா எடுத்து, தின்னர்ல நனைச்ச துணியால தொடச்சேன் சார். மரை உள்ள வரைக்கும். ஒரு பொட்டு மணல் இல்ல. கண்ணாடி கணக்கா இருந்துச்சு. இருபத்துநாலும்."

"பசை?"

"அந்தச் செம்புக் கலர் பசையா? அதுலதான சார் மணல் ஒட்டியிருந்துச்சு. அதையும் சேத்துத்தான் தொடச்சேன்."

எனக்கு டீ கசந்தது. அந்தப் பசைதான் விஷயம். மரையில் பசை இருந்தால் நட் வழுக்கிக்கொண்டு திரும்பும், ரென்ச்சின் பலம் போல்ட்டை இழுக்கப் போகும். பசை இல்லாவிட்டால் பலத்தில் பெரும்பகுதி உரசலிலேயே தீர்ந்துவிடும். ரென்ச் அதே எண்ணில் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். போல்ட் மட்டும் இறுகியிருக்காது. அவர் சோம்பேறித்தனமாக வேலை செய்திருந்தால், மணலோடும் பசையோடும் அப்படியே பூட்டியிருந்தால், அன்றைக்கு ஒருவேளை கசிந்திருக்காது.

"தொடச்ச பிறகு புதுப் பசை பூசணும்னு தெரியாதா அண்ணே?"

"யாரு சொன்னா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தபடி: "போன வாரம் நீங்கதான சார் சத்தம் போட்டீங்க. போல்ட்டுல மணலோட எவன் மாட்டினாலும் தொலைச்சிருவேன்னு."

போட்டிருந்தேன். மணலைத் துடைக்கச் சொன்னேன். துடைத்த பிறகு பசை பூசச் சொல்லவில்லை. எத்தனையோ வருடங்களாக அதே ஒரு வரியைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். மீதி எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் "சம்ஜா?" என்று நானும் கேட்டிருப்பேன்.

பிறகு அடுத்த கேள்வி தானாக வந்தது. "இது ஒண்ணுதானா? அன்னிக்கு வேற எதையும் இப்படித் தொடச்சுப் பூட்டினீங்களா?"

 ஏழு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.   இன்னும் இருக்கிறது என்று புரிந்தது. எத்தனை, எவை என்று இவர்களுக்கு மட்டும்தான் தெரியும். முந்நூற்றுப் பன்னிரண்டையும் திரும்பத் திறந்தால் ஆறு நாள். திறக்காமல் நாளை நண்பகல் ஓட்டினால், அடுத்த முறை யாருக்கும் காயமில்லை என்று எழுத முடியாமல் போகலாம்.

"சொன்னா என்னாகும்னு சொல்லுங்க சார்," என்றார் பெரியவர். "ஒவ்வொண்ணுலயும் ஒரு அட்டை தொங்குது. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பேரு இருக்கு."

"நான் பேர் எழுத மாட்டேன்."

"நீங்க எழுத மாட்டீங்க. மேனேஜரு?"

 மேனேஜருக்காக நான் உறுதி சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டேன். நாளைக் காலைக்குள் அதற்கு ஒரு வழியோடு வருகிறேன் என்று கிளம்பினேன். "எங்களுக்கும் மனசு அடிச்சுக்குது சார். காலையில கட்டாயம் சொல்லிருவோம், எப்படின்னாலும்," என்று பெரியவர் பஸ் நிற்கும் இடம்வரை வந்து சொன்னார். "ஆனா இவன மட்டும் பாத்துக்குங்க."

சனிக்கிழமை ஆறு மணிக்கு மேனேஜர் அறையில் நான் முதல் ஆள். படிவத்தை அவர் முன் வைத்தேன். ஏழாவது கட்டத்தின் இரண்டு வரி போதாமல் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். மணல், தின்னர், பசை, உரசல், என் பாதி அறிவுரை எல்லாம் இருந்தன. முதல் கட்டம் காலி.

"என்ன சார் இது?"

"அறிக்கை."

"பேர் எங்க? அட்டையில இருக்கே, அதைப் பார்த்து எழுத என்ன கஷ்டம்?"

"அட்டையில இருக்கிறது சரியான்னு எனக்குத் தெரியணும். தெரியற வரைக்கும் அதை எழுத மாட்டேன்."

"அப்போ சரியானது எது? அதை எழுதுங்க."

"அதையும் எழுத மாட்டேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "உங்க வயசுக்கு மரியாதை கொடுத்துக் கேக்கறேன். விளையாடறீங்களா? கிளையண்ட் பேர் கேக்கறான். பேர் இல்லாம நான் என்னத்தை அனுப்பறது? உங்க அறிவுரைதான் காரணம்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அப்போ உங்க பேரைப் போட்டுக்கோங்க."

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். போட்டிருப்பேன், அதுதான் சுலபம். ஒரு கையெழுத்தில் தியாகியாகிவிடலாம். ஆனால் என் பெயர் அங்கே விழுந்த உடனே ஏழாவது கட்டத்தை எவரும் படிக்க மாட்டார்கள். கிழவன் தப்புப் பண்ணினான், கிழவனை அனுப்பியாயிற்று, கோப்பை மூடு. அடுத்த வருடமும் மணல் காற்று வரும். யாராவது ஒரு நல்ல ஃபிட்டர் போல்ட்டைக் கண்ணாடி போலத் துடைப்பார்.

"என் பேரும் கிடையாது," என்றேன். "நீங்க ஒரு கேள்வி விட்டுட்டீங்க சார்."

"என்ன?"

"இது மாதிரி இன்னும் எத்தனை இருக்குன்னு நீங்க கேக்கவே இல்ல."

அவர் முகம் மாறியது. கெட்டிக்காரர் என்று முதலிலேயே சொன்னேன். மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தனை?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க வெளிய பஸ்ல உட்கார்ந்திருக்காங்க. அவங்க சொன்னா ஒரு நாள் வேலை. சொல்லலேன்னா முந்நூத்திப் பன்னெண்டையும் திறக்கணும். நீங்க பேர் கேட்டா வாய் திறக்க மாட்டாங்க, வேலையப் பத்திக் கேட்டா சொல்லுவாங்க. அந்த லீவுத் தாள்ல முதல்ல கையெழுத்துப் போடுங்க. ரீ-என்ட்ரியோட."

அவர்களாகவே காலையில் சொல்லிவிடுவார்கள் என்று பெரியவர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதை நான் மேனேஜரிடம் சொல்லவில்லை. இன்றுவரை அதற்காக நான் வருந்தியதும் இல்லை.

"மிரட்டறீங்களா?"

"ஆமா."

சுவர்க் கடிகாரத்தில் ஆறு இருபது. ஆறு இருபத்து மூன்றுக்கு அவர் கையெழுத்துப் போட்டார்.

பெரியவரைக் கூட்டிவந்தேன். மேனேஜர் வாயைத் திறக்கும்முன் நான் கேட்டேன்: "அண்ணே, மணல் காத்து அடிச்ச அன்னிக்குத் தின்னர் போட்டுத் தொடச்சது மொத்தம் எத்தனை? எங்கெங்க?"

அவர் மேஜையில் கையெழுத்தோடு இருந்த லீவுத் தாளைப் பார்த்தார். பிறகு விரல் மடக்கிச் சொன்னார். மூன்றாவது மாடியில் நான்கு. பம்ப் பக்கத்தில் ஐந்து. சிம்னிக்குப் பின்னால் இரண்டு. கசிந்ததைத் தவிர்த்துப் பதினொன்று. "எல்லாம் ரொம்பச் சுத்தமாத்தான் சார் தொடச்சிருக்கோம்," என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இல்லை, பெருமையாகவும் இல்லை. மேனேஜர் தொலைபேசியை எடுத்து ஆலைக்காரர்களிடம் ஞாயிறு வரை பொறுக்கச் சொன்னார். பதினொன்றையும் திறந்தோம். புதுப் பசை பூசிப் பூட்டினோம். ஒவ்வொரு போல்ட்டாக நான் எண்ணினேன், நூற்று முப்பத்தாறு. ஒவ்வொன்றும் முன்பைவிட அரைத் திருப்பு, முக்கால் திருப்பு கூடுதலாகப் போனது.

டிக்கெட்காரன் புதன்கிழமை தம்மாம் விமான நிலையத்துக்கு வண்டி ஏறினான். வியாழக்கிழமை மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"சார், நீங்க சொன்னதை நான் செஞ்சுட்டேன். பையன் ஊர் போய்ச் சேர்ந்துட்டான். இப்பவாவது அந்தக் கட்டத்தை நிரப்புங்க. ரெக்கார்டுக்குத்தான்."

"போனவன் திரும்பி வரணுமே சார்."

"நான் என்ன விசாவை கேன்சல் பண்ணிடுவேனா?"

"நீங்க பண்ண மாட்டீங்க. உங்களுக்கு மேல இருக்கறவங்க பண்ணலாம்."

அறுபது நாள் லீவு. ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டு வந்தேன். அறுபதாம் நாள் அவன் வரவில்லை. எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது, மனைவி டாக்டரிடம் கூட்டிப் போனாள். அறுபத்து மூன்றாம் நாள் காலை கேட்டில் நின்றான், மொட்டைத் தலையோடு. மடியில் உட்கார்ந்த மூன்று பேருக்கும் மொட்டை போட்டபோது மாமனுக்கும் போட்டுவிட்டார்களாம். டிக்கெட் கிடைக்க மூன்று நாள் பிந்திவிட்டது என்றான். நான் அவனைத் திட்டினேன், போன் செய்திருக்கலாமே என்று.

அதன் பிறகு என் கைக்கு ஒன்பது விசாரணைகள் வந்தன. ஒன்பதிலும் முதல் கட்டத்தைக் காலியாக விட்டேன். ஒன்பதிலும் பின்பக்கம் நிரம்பியது. ஒவ்வொரு முறையும் படிவம் திரும்பி வந்தது, ஒவ்வொரு முறையும் அப்படியே திருப்பி அனுப்பினேன். பத்து மாதம் முடிந்தபோது என் காண்ட்ராக்ட் ரெனியூவல் ஆகவில்லை. கடிதத்தில் காரணம் எழுதப்படவில்லை. எழுதியிருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன்.

கடைசி நாள் சாவியையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்கப் போனேன். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு டீ வரவழைத்தார். அவருக்கு என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"இனிமே நீங்க போறீங்க. யாரையும் நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. சும்மா தெரிஞ்சுக்கறதுக்குக் கேக்கறேன் சார். அந்த ஃபிளாஞ்சை டைட் பண்ணது யாரு?"

டீயைக் குடித்து முடித்தேன்.

"அது இப்போ கசியல சார்," என்றேன். "வேற ஏதாவது கேளுங்க."